கட்டணம் இருக்கட்டும், இடம் இருக்கிறதா?

கே: எல்லோருக்கும் பொதுக் குழந்தைகள் காப்பகம் என்றால் இலவசம்தானே?

ப: யார் சொன்னது? ‘எல்லோருக்கும்’ வேறு, ‘இலவசம்’ வேறு. கனடாவின் க்யூபெக் மாகாணம் 1997-ல் ஆரம்பித்தபோது நாளைக்கு 5 டாலர் வாங்கியது. ஸ்வீடனில் 2002 முதல் கட்டணத்துக்கு உச்சவரம்பு: ஒரு பிள்ளைக்கு வருமானத்தில் 3 சதவீதம், இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1. கட்டணத்தை விசாரிப்பதற்கு முன் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

கே: கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைக்கும் ஏன் அரசுப் பணம்?

ப: அவர் வரியாகக் கட்டுகிறார். அப்புறம், ஏழைகளுக்கு மட்டும் என்று கட்டிய காப்பகத்தில் கூரை ஒழுகினால் சத்தம் போட ஆள் இருக்காது.

கே: காப்பகத்தில் விட்டால் குழந்தை கெட்டுப்போகுமா?

ப: குழந்தைக்கு என்ன வயது? எத்தனை மணி நேரம் விடப்போகிறீர்கள்? அங்கே ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார்? ஒன்றையும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது.

கே: சின்னப் பிள்ளைகளுக்காக அரசு ஒரு டாலர் போட்டால் ஏழு டாலர் திரும்புமாமே?

ப: அது 1960-களில் மிச்சிகனில் நடந்த பெரி பாலர் பள்ளி ஆய்வு. வறிய குடும்பங்களின் பிள்ளைகள் 120 சொச்சம். அதிலும் பாதிப் பேர்தான் அந்தப் பள்ளிக்குப் போனவர்கள். அந்தக் கணக்கை ஒரு நாட்டுக்கே பெருக்காதீர்கள்.

கே: குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள எதற்குப் படிப்பும் பெரிய சம்பளமும்? அதை மிச்சம் பிடித்தால் இன்னும் பத்து காப்பகம் திறக்கலாமே.

ப: வாருங்கள், உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு வயதுக்காரர்கள் நாலு பேர், பார்க்க ஒருவர். ஒன்றுக்கு டயபர் மாற்றுகிறார். ஒரு கை அதன் வயிற்றின் மேல், எடுத்தால் உருண்டுவிடும். இரண்டாவது பசிக்கு அழுகிறது. மூன்றாவது தரையில் கிடந்த பொத்தானை வாயில் போட்டாயிற்று. நாலாவது தூங்குகிறது, இந்த அழுகையில் இன்னும் இரண்டு நிமிடம் தாங்கும். உங்கள் மிச்சம் பிடிக்கும் யோசனை இங்கே ஐந்தாவது குழந்தையைக் கொண்டுவந்து விடுகிறது. நார்வே 2018-ல் மூன்று வயதுக்குக் கீழ் மூன்று பேருக்கு ஒருவர் என்று விதித்தது சும்மா இல்லை.

சம்பளம் குறைந்தால் கைதேர்ந்தவர் கடைக்குக் கல்லாப்பெட்டி பார்க்கப் போய்விடுவார். ஆள் இல்லாமல் ஒரு அறை பூட்டப்படும். கட்டடம் இருக்கும், பொம்மை இருக்கும், இடம் இருக்காது. காத்திருப்புப் பட்டியல் பாதி இப்படித்தான் நீளுகிறது. கட்டணக் குறைப்பை மேடை போட்டு அறிவிக்கிறவர்கள் பராமரிப்பாளர் சம்பளத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. மறுபடியும் சொல்கிறேன்: இடம் என்பது நாற்காலி இல்லை, ஆள்.

கே: இடம் கிடைக்காமல் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. நஷ்டஈடு கேட்கலாமா?

ப: எந்த நாடு என்று எழுதுங்களேன்! ஜெர்மனியில் 2013 ஆகஸ்ட் முதல் ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் காப்பக இடம் சட்ட உரிமை. இடம் தராத உள்ளாட்சியிடம் இழந்த சம்பளத்தைக் கேட்கலாம் என்று 2016-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உரிமை என்று சட்டத்தில் இல்லாத ஊரில் வெறும் மனுதான்.

கே: பாட்டி பார்த்துக்கொள்கிறார். அவருக்கு அரசு பணம் தருமா?

ப: நார்வேயில் 1998 முதல், பொதுக் காப்பகத்தில் விடாத சின்னக் குழந்தைக்குப் பணம் உண்டு. ஆனால் அது பெற்றோர் கைக்குத்தான் வரும். பாட்டிக்குப் போகிறதா என்பது வீட்டுப் பஞ்சாயத்து.