விக்டர் ஷெர்ட்சிங்கர்: மெட்டுப் போட்ட இயக்குநர் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: ஐயா, வயலின் கலைஞரான ஷெர்ட்சிங்கர் ஹாலிவுட் இயக்குநரானது எப்படி?

பதில்: இசைதான் அழைத்து வந்தது. பென்சில்வேனியாக்காரர். சிறுவயதிலேயே மேடையேறி வயலின் வாசித்தார். வளர்ந்தபின் இசைக்குழுக்களை நடத்தினார். 1913-இல் 'மார்ச்சேட்டா' என்ற பாடலுக்கு மெட்டமைத்தார். 1916-இல் தாமஸ் இன்ஸ் தயாரித்த 'சிவிலைசேஷன்' என்ற போர் எதிர்ப்புப் படத்துக்கு இசை எழுதும் வேலை வந்தது. அது பேசாப்படக் காலம். பல கொட்டகைகளில் பியானோ வாசிப்பவர் தமக்குத் தெரிந்த பழைய மெட்டுகளைக் கொண்டே காட்சிகளை ஒப்பேற்றிவிடுவார். ஒரு படத்துக்கென்றே இசை எழுதுவது அன்று அபூர்வம். மறு வருடமே அவரை இன்ஸ் இயக்குநராக்கிவிட்டார்.

கேள்வி: படம் பேசத் தொடங்கியதும் அவர் கை ஓங்கியிருக்குமே?

பதில்: ஓங்கியது, பிறர் படத்திலும். 1929-இல் லூபிட்ச் இயக்கிய 'தி லவ் பரேட்' பாடல்களுக்கு மெட்டு இவருடையது. வரிகள் கிளிஃபோர்ட் கிரே. நாயகி ஜெனட் மக்டொனால்டுக்கு அதுதான் முதல் படம்.

கேள்வி: ஆஸ்கர் பெற்றாரா?

பதில்: இல்லை. எனக்கு இதில் தீராத மனக்குறை உண்டு. 1934-இல் 'ஒன் நைட் ஆஃப் லவ்' படத்தை இயக்கினார். தலைப்புப் பாடலின் மெட்டும் அவருடையதே. நாயகி கிரேஸ் மூர் உண்மையிலேயே ஆப்பரா என்ற மேற்கத்திய இசைநாடகத்தின் பாடகி. இயக்குநருக்கானது உட்பட ஆறு பரிந்துரைகள் கிடைத்தன. இசைக்கு ஆஸ்கர் கொடுக்கத் தொடங்கியதே அந்த ஆண்டில்தான். அந்த முதல் விருது இந்தப் படத்துக்குத்தான் போனது. ஆனால் அன்றைய விதிப்படி அது ஸ்டுடியோவின் இசைப் பிரிவுக்கு உரியது. பதிவேட்டில் பிரிவுத் தலைவர் லூயிஸ் சில்வர்ஸ் பெயர் இருக்கிறது. மெட்டுப் போட்டவரையும் சேர்த்து அழைத்திருக்க வேண்டும்.

கேள்வி: பாடகர் பிங் கிராஸ்பியும் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பும் சேர்ந்து நடித்த படங்களும் இவருடையவையா?

பதில்: 'ரோட் டு சிங்கப்பூர்' (1940), 'ரோட் டு சான்சிபார்' (1941) இரண்டும். அதற்கு முன், 1939-இல், கில்பர்ட்–சல்லிவன் இசைநாடகமான 'மிக்காடோ'வை இங்கிலாந்தில் வண்ணப்படமாக எடுத்தார்.

கேள்வி: அண்ணா, அவர் பாட்டு ஒன்றுகூடக் கேட்டதில்லை. எதில் தொடங்கட்டும்?

பதில்: 'டேஞ்சரீன்' கேளுங்கள் தம்பி. அவருடைய கடைசிப் படமான 'தி ஃப்ளீட்ஸ் இன்'னுக்காக ஜானி மெர்சர் வரிகளோடு உருவானது. ஜிம்மி டோர்ஸி குழுவின் இசைத்தட்டைத் தேடிப் பிடியுங்கள். முதலில் பாப் எபர்லி டேஞ்சரீன் என்ற அழகியை நினைத்து உருகி, நிதானமாகப் பாடுவார். பிறகு குழு வேகமெடுக்கும். அதன்பின் ஹெலன் ஓ'கானல் வந்து, அதே அழகியின் கண்மையையும் தொப்பியையும் குறும்பாகச் சொல்லிக் காட்டுவார். உருக்கம், துள்ளல், கேலி மூன்றையும் அந்த ஒரு மெட்டு தாங்குகிறது. 1942-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஷெர்ட்சிங்கர் 1941 அக்டோபரிலேயே இறந்துவிட்டார்.

அடுத்து, அதே படத்தின் 'ஐ ரிமெம்பர் யூ'. இருபது ஆண்டு கழித்து ஃபிராங்க் ஐஃபீல்ட் ஹார்மோனிகாவோடு பாட, பிரிட்டனில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.