92 சதவீதம் போதாதா?

கேள்வி: உளவியல் முதுகலை ஆய்வுக்காக, தேவகோட்டையில் ஒரு வீட்டு வளவில் பிள்ளைகள் பல்லாங்குழி ஆடுவதை வீடியோ எடுத்தேன். 10 விநாடிக்கு ஒரு கட்டமாக 100 கட்டங்கள். ‘காய் பறித்தல்’ நடந்ததா என்று நானும் தோழியும் தனித்தனியே குறித்தோம். இருவரும் ‘ஆம்’ 4, இருவரும் ‘இல்லை’ 88, நான் மட்டும் ‘ஆம்’ 4, அவள் மட்டும் 4. 92 சதவீதம் பொருந்தியும் கைடு போதாது என்கிறாரே?
- வாசகி, காரைக்குடி

பதில்: கைடு சொல்வது சரி. பறித்தல் எப்போதாவது நடப்பது. வீடியோவைப் பார்க்காமலே இருவரும் ‘இல்லை’ போட்டிருந்தால் 100 சதவீதமே வந்திருக்கும்! ஒருவராவது ‘ஆம்’ என்ற 12 கட்டங்களைப் பாருங்கள், நாலில்தான் ஒற்றுமை.

இதற்குத்தான் உளவியலாளர் ஜேக்கப் கோஹன், தற்செயல் ஒற்றுமையைக் கழித்துவிட்டுப் பார்க்கும் ‘கப்பா’ அளவை 1960ல் தந்தார். ஆளுக்கு 8 ‘ஆம்’, 92 ‘இல்லை’. தற்செயலாகவே பொருந்தக்கூடியது 0.08×0.08, அதோடு 0.92×0.92, மொத்தம் 0.8528. இதை 0.92ல் கழித்தால் 0.0672, 1ல் கழித்தால் 0.1472. முன்னதைப் பின்னதால் வகுக்க, 0.46. பொதுவாக 0.6க்கு மேல் எதிர்பார்ப்பார்கள். அரிதான செயலுக்குக் கப்பா இறங்கித்தான் வரும். அதனால் அந்த நான்கு எண்களையும் ஆய்வேட்டில் சேர்த்தே கொடுங்கள்.

இனி, பொருந்தாத 8 கட்டங்களையும் ஓட்டிப் பாருங்கள். ஒருவர் 31லும் மற்றவர் 32லும் குறித்திருந்தால் அது ஒரே பறிப்பு. கட்ட எல்லையில் விழுந்து இரண்டு பிழையாகிவிட்டது. விரல் காயில் படும் விநாடிதான் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய சிக்கல் வரையறையில் இருக்கும். ‘தன் முறை இல்லாதபோது காயை எடுத்தல்’ என்று எழுதியிருந்தால், பசு விழுந்ததும் (ஒரு குழியில் நாலு காய் சேர்ந்ததும்) குழிக்காரப் பிள்ளை அந்த நாலு காயை அள்ளுவதும் பறித்தலாகிவிடும். ஆட்டம் தெரிந்தவர் அதை விடுவார், தெரியாதவர் குறிப்பார். வீட்டுக்கு வீடு விதி மாறும் என்பதால், அந்தப் பிள்ளைகளிடமே கேட்டு விதிவிலக்குகளை எழுதிக்கொள்ளுங்கள்.

திருத்திய வரையறையோடு இதே வீடியோவை மறுபடி குறித்து, அந்த எண்ணைக் காட்டாதீர்கள். பேசி முடித்தபின் வரும் ஒற்றுமை நினைவிலிருந்து வருவது. இது பயிற்சிக்கு; கப்பாவுக்குப் புதிய வீடியோ. ஆளுக்கொரு அறையில் குறியுங்கள். பக்கத்தில் பேனா அசைந்தாலே கை தானாகக் குறிக்கும். ஆய்வின் நடுவிலும் ஒருமுறை சரிபாருங்கள். நாளாக ஆக, அவரவர் வரையறை அவரவர் போக்கில் நகர்ந்துவிடும்.