கப்பல்காரர் பதில்கள்: வாந்திக்கு எத்தனை இங்கிலீஷ்?

லண்டனில் படிக்கும் மகன் போனில், 'நேத்து ராத்திரி ஐ வாஸ் சிக், மா' என்றான். காய்ச்சலாக்கும் என்று நான் கஷாயம் வைக்கச் சொன்னேன். அவனோ வாந்தி எடுத்திருக்கிறான். சிக் என்றால் உடம்பு சரியில்லை என்றுதானே அர்த்தம்?
வாசகி, தண்டையார்பேட்டை

மகன் அந்த ஊர்க்காரர்கள் மாதிரியே பேசியிருக்கிறான், அம்மா. இங்கிலாந்தில் 'ஐ வாஸ் சிக்' என்றால் பெரும்பாலும் வாந்தி எடுத்தேன் என்றே பொருள். 'ஐ ஃபீல் சிக்' என்றால் குமட்டுகிறது. உடம்பு சரியில்லை என்பதற்கு 'இல்' என்பார்கள். அமெரிக்கர் வாயில் 'சிக்' சளி, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் பொது. விமானத்தில் முன் சீட்டில் செருகி வைத்திருக்கும் 'சிக் பேக்' காய்ச்சலுக்கு இல்லையே!

அடுத்த முறை பிரித்துக் கேளுங்கள். வயிற்றைப் பிரட்டி வாயில் நீர் ஊறினால் குமட்டல், அது நாசியா. ஓங்கரித்தும் ஒன்றும் வரவில்லை என்றால் ரெட்சிங். வெளியே வந்துவிட்டால் வாமிட்டிங். புளித்த தண்ணீர் நெஞ்சுவரை ஏறி இறங்கினால் எதுக்களிப்பு, அதாவது ரிஃப்ளக்ஸ். தமிழில் நாலுக்கும் நாலு சொல் இருந்தும் நம் பிள்ளைகள் 'வாமிட் வர்ற மாதிரி இருக்கு' என்பதோடு முடித்துவிடுகிறார்கள். டாக்டர்கள் எழுதுவது எமெசிஸ் என்ற கிரேக்கச் சொல். சின்ன வயதில் அவனுக்கு எமிசெட் சிரப் கொடுத்திருப்பீர்களே, அந்தப் பெயரின் தலையில் உட்கார்ந்திருப்பதும் அதுதான்.

இங்கிலீஷ் படங்களில் வாந்திக்கு மட்டும் பியூக், பார்ஃப், சண்டர் என்று பத்து வார்த்தை வருகிறதே, எதை எங்கே சொல்வது?
கல்லூரி மாணவர், வியாசர்பாடி

எங்கேயும் சொல்லாதே என்பார் வாத்தியார். நான் சரக்குக் கப்பலில் முப்பது வருஷம் ஸ்டூவர்டாக இருந்தவன், தம்பி. அடுத்தவன் எடுத்ததைத் துடைத்துத் துடைத்தே இந்தச் சொற்களைக் கற்றேன்.

பியூக் பேச்சு வழக்குதான். ஆனால் ஷேக்ஸ்பியரே பால் கக்கும் கைக்குழந்தைக்கு அதைப் போட்டிருக்கிறார் என்பதால் 400 வருஷத்துப் பழசு. பார்ஃப் அமெரிக்கப் பேச்சு, கூட்டாளிகளோடு நிறுத்திக்கொள். வீட்டிலும் ஆபீஸிலும் தாராளமாகச் சொல்லக்கூடியது த்ரோ அப்.

அந்த த்ரோ அப்பில்தான் நான் அடிபட்டேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், வங்கக் கடலில் கப்பல் ஆடிய ஆட்டத்தில் ராத்திரி குடித்த சூப் அப்படியே வந்துவிட்டது. ஏன் முகம் வெளுத்திருக்கிறது என்று சீஃப் ஆபீசர் கேட்டார். 'சார், ஐ த்ரோ அவுட் ஆல் த சூப்' என்றேன். இருபது பேருக்கு வைத்த சூப்பை நான் கடலில் கொட்டிவிட்டதாக நினைத்து, குக்கையும் கூப்பிட்டு நிறுத்தித் திட்டினார். அப்புக்கும் அவுட்டுக்கும் உள்ள தூரம் அன்றைக்குத் தெரிந்தது.

சண்டர், ஆஸ்திரேலியச் சரக்கு. மேல்தளத்தில் வாந்தி எடுப்பவன் கீழே நிற்பவனைப் பார்த்து 'வாட்ச் அண்டர்' என்று கத்துவானாம், அதுவே சண்டர் ஆனதாம். கப்பலில் எல்லாரும் சத்தியம் பண்ணுவார்கள். அகராதிக்காரர்கள் இதை ஏற்பதில்லை. அவர்கள் கைகாட்டுவது கோப்ரா பூட் பாலிஷை. 1909-இலிருந்து சிட்னியின் புல்லட்டின் பத்திரிகையில் வந்த அந்த விளம்பரப் படங்களில் சண்டர் லூ என்று ஒரு பாத்திரம். கக்குவதற்கு இன்னொரு சொல் ஸ்பியூ. லூவும் ஸ்பியூவும் இயைபாக ஒலிக்கவே, ஸ்பியூவுக்குப் பதில் சண்டர் லூ என்று சொல்லிச் சொல்லி, லூ உதிர்ந்து சண்டர் மட்டும் நின்றிருக்கிறது.

எங்கள் ஆஸ்திரேலிய செகண்ட் இன்ஜினியருக்கு வாந்தி என்பது 'டெக்னிகலர் யான்', அதாவது கலர் கொட்டாவி. 'வெள்ளை டெலிபோனில் பேசிக்கொண்டிருக்கிறான்' என்பார் இன்னொருவரைப் பற்றி. போய்ப் பார்த்தால் ஆள் கக்கூஸ் பீங்கானைக் கட்டிப்பிடித்துக் கிடப்பான். அமெரிக்கர்கள் 'ரால்ஃபைக் கூப்பிடுகிறான்' என்பார்கள். ரால்ஃப் என்று யாரும் கிடையாது, நம்முடைய உவ்வே மாதிரி அது வெறும் சத்தம்.

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாக வைக்கிறது. சபையில் சொல்லக் கூசுவதை மறைத்து 'கால் கழுவி வந்தேன்' என்பது இடக்கரடக்கல். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் சொல் குழூஉக்குறி. வெள்ளை டெலிபோன் எதில் சேரும்? அடக்கவேண்டியதைத் தண்டோரா போடுகிறதே! குழூஉக்குறிதான், என் தீர்ப்பு.

ஏப்பத்துக்கு பெல்ச்சா, பர்ப்பா?
வாசகர், புளியந்தோப்பு

இரண்டும். பெல்ச் பழசு, பர்ப் புதுசு. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுவதற்கு பர்ப் மட்டும்தான். உங்கள் பேட்டை பிரியாணிக்குப் பிறகு வருவதை பெல்ச் என்றே வையுங்கள்.

ரோமானியர்கள் விருந்தில் வாந்தி எடுக்கத் தனி அறை வைத்திருந்தார்களாமே? அதன் பெயர் வாமிடோரியமாம்.
வாசகர், திருவொற்றியூர்

பெயர் உண்மை, அறை கட்டுக்கதை. அரங்கத்திலிருந்து ஜனம் வெளியேறும் வழிக்குத்தான் அந்தப் பெயர். ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தை அந்த வாசல் கக்கும். நாமும் எரிமலையைத் தீ கக்க வைக்கிறோம், திருடனை உண்மையைக் கக்க வைக்கிறோம், யாரும் மூக்கைப் பொத்துவதில்லை.

காசிமேட்டு மைத்துனர் விசைப்படகில் கடலுக்குக் கூப்பிடுகிறார். எனக்கு மாநகரப் பேருந்திலேயே குமட்டும். போகலாமா?
வாசகர், கொடுங்கையூர்

போங்கள். நாசியா என்ற சொல்லே கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அட்மிரல் நெல்சனுக்கே கடல் ஒத்துக்கொள்ளாது. டார்வின் பீகிள் கப்பலில் 1831 முதல் 1836 வரை படாத பாடு பட்டார். ஆட்டத்தைக் காது உணர்கிறது, கண்ணோ எல்லாம் அசையாமல் இருக்கிறது என்கிறது. அந்தச் சண்டைதான் வயிற்றில் வந்து முடிகிறது. அதனால் போனைப் பார்க்காமல் அடிவானத்தைப் பாருங்கள். படகின் நடுவில், டீசல் புகை வராத இடமாக உட்காருங்கள். வெறும் வயிறு வேண்டாம், இரண்டு பிஸ்கட்டும் ஒரு துண்டு இஞ்சியும் போதும். மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும்.

அப்படியும் வந்தால், இங்கிலீஷில் அதற்கு மீனுக்குத் தீனி போடுவது என்று பெயர். காற்று முகத்தில் அடிக்கும் பக்கமாக மட்டும் போடாதீர்கள். மைத்துனர் பின்னால் நின்றுகொண்டிருப்பார்.