பைபாஸ் முடிந்தவருக்குக் கழுத்து வலி: கேள்வி பதில்

இதய அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு ஆஸ்டியோபதி முறையில், அதாவது தசைகளையும் மூட்டுகளையும் கையால் இளக்கி, சிகிச்சை தருவது என் வேலை. கேளுங்கள்.

கே: அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து மூன்று வாரம். திறந்தது நெஞ்சை, வலிப்பது கழுத்தும் முதுகும். ஏன்?

ப: மார்பெலும்பை நடுவில் அறுத்து, மணிக்கணக்கில் அகட்டி வைத்திருப்பார்கள். முன்னால் அகலும்போது, பின்னால் விலா எலும்புகள் முதுகெலும்போடு சேரும் மூட்டுகளும் இழுபடும். அது ஒரு பங்குதான். தையல் வலிக்குமே என்று தோளைக் குறுக்கிக்கொண்டு மேலாக மூச்சு விடுவது அடுத்த பங்கு, அதுதான் பெரியது. அப்பா சும்மா உட்கார்ந்திருக்கும்போது கழுத்தின் பக்கவாட்டைப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் அங்கே தசை கயிறு மாதிரி எழும்பினால், உதரவிதானத்தின் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இயக்கும் தசை) வேலையைக் கழுத்து சுமக்கிறது என்று அர்த்தம். நாளுக்கு ஏறக்குறைய 20,000 மூச்சு, வலிக்காமல் என்ன செய்யும்?

கே: கழுத்தில் சொடக்கு எடுத்தால் சரியாகுமா?

ப: வேண்டவே வேண்டாம். இதயக் குழாயில் அடைப்பு இருந்தவருக்குக் கழுத்துத் தமனியிலும் கொழுப்பு படிந்திருக்கலாம், வெடுக்கென்று திருப்பினால் பக்கவாதம் வரை போகும். செயற்கை வால்வு வைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உள்ளே ரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு.

கே: பிறகு என்னதான் செய்வீர்கள்?

ப: அறுவை செய்த மருத்துவர் சரி என்ற பிறகே தொடுவேன். தலைமாட்டை உயர்த்தி மல்லாக்கப் படுக்கவைத்து, மண்டையோடும் கழுத்தும் சேரும் விளிம்பில் பின்பக்கமாக விரல்நுனிகளைக் கொடுப்பேன். அழுத்துவதில்லை, தலையின் கனமே விரலில் இறங்கும். கொஞ்ச நேரத்தில் இறுகிய தசை இளகுவது விரலுக்கே தெரியும், அவரும் ஒரு பெருமூச்சு விடுவார். அப்புறம் முதுகுக்கு அடியில் கைவிட்டு விலா மூட்டுகளை மெல்ல ஏந்திக் கொடுப்பேன். அறுத்த மார்பெலும்பு ஒன்றுசேர 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை குப்புறப் படுக்கவைப்பதோ நெஞ்சை அழுத்துவதோ கிடையாது.

கே: சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தே இருக்கின்றன.

ப: நெஞ்சை அகட்டும்போது கைக்கு இறங்கும் நரம்புக் கற்றை இழுபட்டால் இப்படி ஆகும். பெரும்பாலும் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் தெளியும். கைப்பிடி தளர்ந்தால் உடனே காட்டுங்கள்.

கே: நடந்தால் கழுத்தும் தாடையும் வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது. மசாஜ் செய்யலாமா?

ப: யாரிடமும் கழுத்தைக் கொடுக்காதீர்கள், இன்றே இதய மருத்துவரிடம் போங்கள். தலையைத் திருப்பினால் கூடும் வலி பெரும்பாலும் தசையுடையது. நடையோடு வந்து ஓய்வோடு போவது இதய வலியாக இருக்கலாம். ஓய்விலும் வலி நிற்கவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.