மூன்று தலைமுறையும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பார்க்க என்ன படம் போடலாம்?

"அப்பா, அம்மா, பாட்டி, பத்து வயது மகள், நாங்கள் இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி தமிழில் படமோ தொடரோ சொல்லுங்கள், யாரும் பாதியில் எழுந்து போகக் கூடாது" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி நிபந்தனைதான் கஷ்டம்.

எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே கூட்டம்தான். ஸ்டார் ரேட்டிங், வசூல் கணக்கு எதையும் நான் பார்ப்பதில்லை. படத்தில் பேச்சு நன்றாக இருக்கிறதா, அது ஒன்றுதான் என் கணக்கு. தியேட்டரில் நாற்காலியே அதிர்ந்த சண்டைக்காட்சி வீட்டு டிவியில் சப்பென்று போய்விடும். நல்ல பேச்சுக்கு அந்தக் கதி வராது. தவிர, நம் வீடுகளில் யார் வாயை மூடிக்கொண்டு படம் பார்க்கிறார்கள்? நாலு பேர் நாலு கருத்து சொல்ல இடம் கொடுக்கிற படமாக இருக்க வேண்டும். விறுவிறுவென்று ஓடுகிற படத்தில் "இப்ப என்ன சொன்னான்?" என்று பாட்டி கேட்பதற்குள் மூன்று கொலை முடிந்திருக்கும்.

முதலில் போட வேண்டியது பிரேம்குமாரின் 'மெய்யழகன்' (2024). தியேட்டருக்கு வந்தபோது நீளம், இழுக்கிறது என்று பேச்சு வந்து, வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். வீட்டில் அந்த நீளம் ஒரு பொருட்டே இல்லை. நடுவில் காபி போடப் போனால் நிறுத்திவிட்டுப் போகலாம். 1996இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன குடும்பம். அந்த வீட்டுப் பையன் அரவிந்த்சாமி 22 வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே கார்த்தி "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறார். இவருக்கோ அவர் யார், என்ன பேர் என்றே ஞாபகம் இல்லை. கேட்கவும் கூச்சம்.

எங்கள் அப்பாயிக்கு, அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு, பிறந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். நீடாமங்கலம் என்று காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தது. "அத்தான்னுதானே கூப்புடுறான்? அப்ப அத்தை வழியா மாமன் வழியான்னு பாரு. இவனோட அம்மா யாருன்னு ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுது" என்று அரவிந்த்சாமிக்கே யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு பக்கம், "இப்படித்தான் எங்க சித்தி மகன் கல்யாணத்துல..." என்று ஆரம்பித்துவிட்டாள். படம் பாட்டுக்கு ஓட, எங்கள் வீட்டுப் பழைய பாகப்பிரிவினைக் கதை முழுக்க வெளியே வந்தது. என் மனைவிக்கு அதில் பாதி அன்றுதான் தெரியும். அந்தப் பேர் விஷயமும், அதில் வருகிற ஒரு பழைய சைக்கிளும் எங்கே போய் முடிகின்றன என்பதை நான் சொல்ல மாட்டேன். ராத்திரி உட்கார்ந்து குடித்துக்கொண்டே பேசுகிற பகுதி ஒன்று உண்டு, அப்பாவுக்கு அது பிடிக்காவிட்டால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது.

அடுத்தது மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022). நிதானமாகப் போகிற படம், அதனால் ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு போடாதீர்கள், பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். காலையிலேயே போட்டுவிடுங்கள். மாயாண்டியாக வருகிற நல்லாண்டி நிஜமாகவே விவசாயி. படம் வெளியாவதற்கு முன்பே இறந்துவிட்டார். தேசிய விருதில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது, படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம் விருது. கதை இதுதான்: குலதெய்வத்துக்குப் படைக்க நெல் வேண்டும், ஊரில் இன்னும் விவசாயம் பார்க்கிற ஆள் இவர் ஒருவர்தான். வயலில் செத்துக் கிடந்த மயில்களைப் பாவமே என்று புதைக்கப் போய், மயிலைக் கொன்றதாக வழக்கு வருகிறது. பெரியவருக்குத் தன்மேல் கேஸ் இருப்பதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. பயிருக்குத் தண்ணீர் யார் பாய்ச்சுவது என்பது ஒன்றுதான் கவலை. மாஜிஸ்திரேட் அந்த வேலைக்கு ஒரு கான்ஸ்டபிளை அனுப்பிவைக்கிறார். வேஷ்டியை மடித்துக் கட்டி வயலில் இறங்கின காலம் ஒன்று உங்கள் அப்பாவுக்கு இருந்திருந்தால், அந்தப் போலீஸ்காரர் தண்ணீர் பாய்ச்சுகிற லட்சணத்தைப் பார்த்து அவர் சும்மா இருக்க மாட்டார்.

இதே இயக்குநரின் 'காக்கா முட்டை' உங்கள் மகளுக்குக் கட்டாயம் பிடிக்கும். சென்னைக் குப்பத்துப் பையன்கள் இரண்டு பேருக்குப் பீட்சா சாப்பிட ஆசை. சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. அவர்கள் வீட்டுப் பாட்டி பீட்சா விளம்பரத் தாளைப் பார்த்து தோசை மாவில் 'பீட்சா' செய்து கொடுக்கிற இடத்தில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் ஒன்றாகச் சிரித்தது. இந்த மாதிரி வீட்டில் எல்லோரும் ஒரே இடத்தில் சிரிப்பது அபூர்வம்.

அப்பாவுக்கு அரசியல் பைத்தியம் என்றால் 'மண்டேலா' (2021). ஊரில் இரண்டு சாதிக்கும் ஓட்டு சரிசமம். புதிதாக வாக்காளர் அட்டை வாங்கின முடிதிருத்துகிற யோகிபாபுவின் ஒற்றை ஓட்டுதான் பஞ்சாயத்துத் தலைவர் யார் என்று தீர்மானிக்கும். அதுவரை அவரைத் திரும்பிப் பார்க்காத ஊர் அப்புறம் என்ன ஆட்டம் ஆடுகிறது என்பதுதான் படம். தியேட்டருக்குப் போகாமல் நேராக விஜய் டிவியில் ஒளிபரப்பானது, அதுவும் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால். இலங்கையிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து சேர்கிற குடும்பத்தின் கதையான 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் (2025) எல்லோரும் கூச்சமில்லாமல் பார்க்கக்கூடியது. கொஞ்சம் அதிகப்படியாகவே எல்லோரும் நல்லவர்களாக இருப்பார்கள், பரவாயில்லை.

பாட்டிக்கு என்று ஒன்று போட வேண்டாமா? 'காதலிக்க நேரமில்லை' (1964). அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற இடம் அப்படியே நிற்கிறது. நாகேஷை விட்டுவிட்டு பாலையாவின் முகத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் மகளை. கருப்பு வெள்ளைப் படம் என்றால் முகம் சுளிக்கிற குழந்தையாக இருந்தாலும் கவலை இல்லை, இது அந்தக் காலத்திலேயே கலரில் எடுத்தது.

தொடர் என்று கேட்டால் நான் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன்: ஜீ5இல் 'அயலி' (2023). எட்டே பகுதி. 1990இல் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். வயசுக்கு வந்த பெண் பள்ளிக்கூடம் போகக் கூடாது, கல்யாணம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். டாக்டராக வேண்டும் என்று நினைக்கிற தமிழ்ச்செல்வி, தான் வயசுக்கு வந்ததையே மறைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். பிறகு அம்மாவும் அந்தப் பொய்யில் சேர்ந்துகொள்கிறாள். அம்மாவாக அனுமோள், அந்த வீட்டில் புருஷனுக்குப் பயந்து பயந்து தைரியம் வருகிற விதத்தை அப்படிச் செய்திருக்கிறார். உங்கள் மகள் நிச்சயம் கேள்வி கேட்பாள். பத்து வயதில் எப்படியும் பேச வேண்டிய விஷயம், பக்கத்திலேயே அம்மாவும் பாட்டியும் இருக்கும்போது கேட்பது நல்லதுதானே. எங்கள் அப்பாயி ஒரு பகுதி முடிந்ததும், "என்னை எட்டாங்கிளாஸ்ல நிப்பாட்டுனாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை, அடுத்த பகுதியை அவரே போட்டார்.

'சுழல்', 'வதந்தி' இரண்டும் பிரைமில் நல்ல தொடர்கள்தான். மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதைக்குள் 'சுழல்' நுழைத்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் மகள் தூங்கின பிறகு. 'மகாராஜா' (2024) பெரிய வெற்றிப் படம், எல்லோரும் பாருங்கள் பாருங்கள் என்பார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு வேண்டவே வேண்டாம். சந்தேகமாக இருந்தால் படம் தொடங்கும்போது மூலையில் வருகிற வயதுக் குறியீட்டைப் பாருங்கள். முன்பு யு/ஏ என்று மொத்தமாகப் போடுவார்கள், இப்போது புதிய படங்களுக்கு 7+, 13+, 16+ என்று தனித்தனியாகவே தருகிறார்கள்.

கடைசியாக, பாட்டி எழுந்து போவதற்குப் பல வீடுகளில் காரணம் படம் இல்லை, சத்தம். பாட்டு வந்தால் காது கிழியும், வசனம் வந்தால் ஒன்றும் கேட்காது, ஒருவர் ரிமோட்டோடு கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பார். பல ஸ்பீக்கருக்காகப் பிரித்துக் கலந்த ஒலியை டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கரில் திணிப்பதால் வருகிற வினை இது. படம் ஓடும்போது ஆடியோ என்ற இடத்தில் 5.1 என்கிற அந்தப் பல ஸ்பீக்கர் ஒலிக்குப் பதில், இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டிவியின் சவுண்ட் செட்டிங்கில் குரலைத் தூக்கிக் காட்டுகிற வசதி இருந்தால் அதையும் போடுங்கள். அப்படியும் காது சரியாகக் கேட்காதவர்களுக்குத் தமிழ் சப்டைட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் மகளைப் பாட்டி பக்கத்தில் உட்கார வையுங்கள், வசனத்தைத் திருப்பிச் சொல்கிற வேலையை அவள் ஆசையாகச் செய்வாள்.