டர்ஹம் புல்ஸ் மைதானத்துக்கு முதல் தடவை போகிறீர்களா? கேள்வி பதில்

அண்ணா, அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள ராலேவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். மைனர் லீக் பேஸ்பால் என்றால் கத்துக்குட்டிகள் ஆடுவதா?

இல்லை தம்பி, எல்லோரும் சம்பளம் வாங்கி ஆடுபவர்கள். அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கின் 30 அணிகளுக்கும் கீழே, படிக்கு ஒன்றாக நான்கு படிகளில் ஆளுக்கு நான்கு அணிகள் உண்டு. அதில் மேல்படி டிரிபிள்-ஏ. பக்கத்து ஊரான டர்ஹமின் அணி டர்ஹம் புல்ஸ் அந்தப் படியில், 1998 முதல் மேஜர் லீக்கின் டாம்பா பே ரேஸ் அணிக்காக ஆள் தயார் செய்கிறது. இன்று இங்கே பார்த்த பையன் மறுநாளே மேஜர் லீக்கில் நிற்கலாம். காயம் ஆறிவரும் பெரிய ஆட்டக்காரர்களும் சில நாள் இங்கே ஆடிப் பார்த்துவிட்டுத்தான் மேலே திரும்புவார்கள். எனக்கு மேஜர் லீக்கைவிட இதுதான் பிடிக்கும்.

ஐந்து வயது மகளோடு வருகிறேன். எங்கே உட்கார?

மொத்தமே சுமார் 10,000 இருக்கைதான், எங்கிருந்தும் நன்றாகத் தெரியும். குழந்தை இருப்பதால், பந்து பார்வையாளர் மேல் படாமல் தடுக்கும் வலைக்குப் பின்னால் எடுங்கள். பந்து கேட்சரின் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) கையுறையில் 'டப்' என்று விழுவது அங்கே காதில் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே நான் போவேன். வலை இல்லாத பக்கம் உட்கார்ந்தால், பிட்சர் (பந்து வீசுபவர்) வீசும்போது கண் பந்தில் இருக்கட்டும், போனில் வேண்டாம். ஃபௌல் பால், அதாவது எல்லைக் கோட்டுக்கு வெளியே அடிபட்ட பந்து, கைக்கு வந்தால் அது உங்களுடையது, கிரிக்கெட் மாதிரி திருப்பி எறிய வேண்டாம். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் வேலியோரம் நில்லுங்கள், கையெழுத்து கேட்டால் பலரும் போடுவார்கள்.

சுவர் மேல் நிற்கும் அந்தக் காளை என்ன கதை?

1988இல் வந்த ஒரு திரைப்படத்துக்காக ஊரின் பழைய மைதானத்தில் வைத்த பலகை அது. படம் முடிந்தும் ஊர் அதை விடவில்லை. 1995இல் திறந்த இந்த மைதானத்தில், இடதுபக்கம் 32 அடி உயர நீலச் சுவருக்கு மேல் காளை நிற்கிறது. பந்து காளை மேல் பட்டால் அடித்தவருக்கு ஸ்டேக் (மாட்டிறைச்சி), கீழே உள்ள புல்லில் பட்டால் சாலட்! புல்ஸ் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தால் காளையின் கண் சிவக்கும், மூக்கில் புகை வரும், வால் ஆடும். மகளுக்கு அதை மறக்காமல் காட்டுங்கள்.

சைவம் கிடைக்குமா சார்?

பாப்கார்ன், வேர்க்கடலை, பிரெட்செல் நிச்சயம். மற்றதைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்? மழை வந்தால்?

பிட்சர் இத்தனை நொடிக்குள் வீச வேண்டும் என்று கடிகாரம் வைத்த பிறகு பெரும்பாலும் இரண்டரை மணி நேரம்தான். ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ்; ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து பாடுவார்கள், நீங்களும் எழுந்துகொள்ளுங்கள். ஐந்து இன்னிங்ஸ் தாண்டிய பின் மழையால் நின்றால் பொதுவாக அது முழு ஆட்டமாகவே கணக்கு. அதற்கு முன்பே நின்றால் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்று கவுன்டரில் கேளுங்கள். வந்த அணி வழக்கமாகச் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஊரிலேயே இருக்கும், அந்த வாரமே இன்னொரு நாள் போய்விடலாம்.