சட்டக் கேள்வி பதில்: டிகிரி (நீதிமன்றத் தீர்ப்பாணை) கிடைத்த பிறகு கடனாளியின் சொத்து விவரத்தைக் கேட்டுப் பெறுவது எப்படி?

கேள்வி: கடலூர் முதுநகரில் மரக்கடை வைத்திருக்கிறேன். சரக்கு எடுத்துப் பணம் தராத கட்டட ஒப்பந்தக்காரர் மீது கடலூர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, அசல் 2,40,000 ரூபாயும் அதற்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியும் வழக்குச் செலவும் தரும்படி டிகிரி பெற்றேன். அதன்பின் அவர் கூகுள் பே மூலம் 20,000 ரூபாய் மட்டும் அனுப்பினார். இப்போது புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் குடியிருக்கும் அவர், தம் பெயரில் ஒன்றுமே இல்லை என்கிறார். நீதிமன்றம் வழியாக அவரை விசாரிக்க என்னென்ன தாக்கல் செய்ய வேண்டும்?
- ஒரு வாசகர், கடலூர்

பதில்: தாங்கள் கேட்கும் வழி உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் 21-ஆவது கட்டளை, 41-ஆவது விதியில் இருக்கிறது. அதன்படி கடனாளியையோ, விவரம் அறிந்த வேறு எவரையுமோ நீதிமன்றம் வாய்மொழியாக விசாரிக்கலாம். கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்லலாம். பண டிகிரி 30 நாட்கள் நிறைவேறாமல் கிடந்தால், சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தரும்படியும் கடனாளிக்கு உத்தரவிடலாம். அதற்கான படிவம், பின்னிணைப்பு 'இ'-யில் உள்ள 16-ஏ ஆகும்.

ஆனால், கடனாளி புதுச்சேரியில் வசிப்பதால், தமது எல்லைக்கு வெளியே இருப்பவர் மீது கடலூர் நீதிமன்றம் டிகிரியை நிறைவேற்ற இயலாது. ஆகவே 39-ஆவது பிரிவின்கீழ் டிகிரியைப் புதுச்சேரி நீதிமன்றத்துக்கு மாற்றி அனுப்பும்படி முதலில் கடலூரிலேயே மனுச் செய்ய வேண்டும். டிகிரியின் நகலோடு, எவ்வளவு தொகை இன்னும் நிறைவேறவில்லை என்ற சான்றும், நிறைவேற்ற உத்தரவு ஏதும் பிறப்பிக்கப்பட்டிருந்தால் அதன் நகலும், இல்லையென்றால் இல்லை என்ற சான்றும் சேர்ந்து போக வேண்டும். மாநில எல்லை குறுக்கிட்டாலும் நீதிமன்றம் நேரடியாகவே அனுப்பலாம்.

அடுத்தது, டிகிரி போய்ச் சேர்ந்த புதுச்சேரி நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் நிறைவேற்றல் மனு. வழக்கு எண், டிகிரி தேதி, மேல்முறையீடு உண்டா, முந்தைய மனுக்கள் என்ன ஆயின என்பவற்றை நிரப்புவது எளிது. பெரும்பாலும் தகராறு வருவது கணக்குப் பத்தியில்தான். 2,40,000 ரூபாய்க்கு 6 சதவீத வட்டி மாதத்துக்கு 1,200 ரூபாய். அதை டிகிரியில் கண்ட தேதியிலிருந்து மனுத் தேதி வரை தனி வரியாகவும், வழக்குச் செலவை இன்னொரு வரியாகவும் காட்டுங்கள். வந்த 20,000 ரூபாயைத் தேதியோடு வரவு வையுங்கள். டிகிரியிலோ உங்களுக்குள் ஏற்பட்ட உடன்பாட்டிலோ வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், அது முதலில் வட்டிக்கும் செலவுக்கும், மிச்சம் இருந்தால் அசலுக்கும் கழியும். அந்த வரவை மறைத்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் வாய்தாவிலேயே கூகுள் பே ரசீதை நீட்டுவார். அதன்பின் தங்கள் பேச்சுக்கு மதிப்பு குறையும்.

மனுவோடு தாங்கள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில், 'அவருக்கு நிறையச் சொத்து உண்டு' என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. டிகிரிக்குப் பிறகு அவர் எந்த இடத்தில் வேலை எடுத்துச் செய்கிறார், எந்தப் பதிவெண் கொண்ட வண்டியில் வருகிறார், எந்த வங்கிக் காசோலையை உங்களுக்கு முன்பு தந்தார் என்று எழுதுங்கள். கடலூரிலும் உழவர்கரை, வில்லியனூர், பாகூர் பகுதிகளிலும் அவர் பெயரில் மனை இருக்கும் என்று ஐயம் இருந்தால், வில்லங்கச் சான்றுகளையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். தங்கள் கையில் இருப்பதைக் கொண்டுதான், அவர் தரும் பதிலின் உண்மையைச் சோதிக்க முடியும்.

விசாரணையில் கேட்க வேண்டியது வீடு, நிலம் மட்டுமன்று. அவருக்கு யார் யார் பாக்கி தர வேண்டும் என்பதை விதியே குறிப்பாகச் சொல்கிறது. வேலை முடித்த கட்டட உரிமையாளர்கள் தர வேண்டிய பில் தொகை, கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ், கட்டி வரும் சீட்டு ஆகியவற்றைக் கேளுங்கள். ஒப்பந்தக்காரரின் செல்வம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அத்தகைய பாக்கியைக் கண்டுபிடித்தால், 46-ஏ விதியின்கீழ், அதைத் தர வேண்டியவரே நீதிமன்றத்தில் செலுத்தும்படி கேட்க வழி உண்டு. மனைவி பெயரில் தொழில் நடப்பதாகத் தெரிந்தால், அவரையும் விவரம் அறிந்தவர் என்ற முறையில் விசாரிக்கக் கோரலாம்.

அவருக்கு அறிவிப்பு அனுப்புவதற்கான கட்டணமாகிய பேட்டாவை உடனே கட்டி, அவர் இப்போது குடியிருக்கும் முகவரியைக் கதவு எண்ணோடு தாருங்கள். உத்தரவு கிடைத்தும் அவர் பிரமாணப் பத்திரம் தராவிட்டால், மூன்று மாதங்கள் வரை உரிமையியல் சிறையில் வைக்க 41(3) விதி இடம் தருகிறது. எனினும் அதை முதல் மனுவிலேயே மிரட்டலாக எழுத வேண்டாம். அவர் தவறிய தேதிக்குப் பிறகு தனி மனுவாகப் போடுங்கள். டிகிரியை நிறைவேற்ற 12 ஆண்டுக் காலம் உண்டு என்றாலும், பில் தொகை கைமாறுவதற்குள், டிகிரியை மாற்றி அனுப்பக் கோரும் மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.